சுண்ணாம்பில் வந்த கோடு

கழனிவாசலில் என் ஷெட்.
ஸ்டாண்டு மேல் நிற்கிறது
இரண்டே பேர் உட்காரும் சிவப்பு வண்டி,
தொண்ணூற்றிரண்டு மாடல்.
சக்கரம் கழற்றிய இடத்தில் ஆர்ம் தெரிகிறது.
டாக்டரம்மா அதைக் கை என்றுதான் சொன்னார்:
"இடது கையில் ஏதோ சத்தம்,
ஸ்பீடு பிரேக்கர் ஏறினால்
டக்கென்று பாக்கு வெட்டுகிற மாதிரி."

பல் டாக்டர். சிகப்பி என்று பெயர்.
கானாடுகாத்தான் வீட்டிலிருந்து
காரைக்குடி கிளினிக்குக்குத் தினமும் இந்த வண்டிதான்.
பள்ளத்தூரைத் தாண்டுவதற்குள் எத்தனை மேடு என்று
எண்ணி வைத்திருக்கிறார்.

கிரீஸைத் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை.
கழற்றி டீசலில் ஓர் இரவு ஊறப் போட்டேன்.
காலையில் காயத் துடைத்து
சுண்ணாம்பு பூசினேன்.
பெரிய வீட்டுச் சுவருக்கு முட்டை அடித்து அரைத்தார்களாமே,
அது இல்லை.
பெட்டிக்கடை வெற்றிலைச் சுண்ணாம்பு,
தண்ணீர் விட்டுக் கரைத்தது.
காய்ந்ததும் சுத்தியால் ஒரு தட்டு.

உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய்
வெளியே வந்து கோடு கிழித்தது.
பால் ஜாயின்டுக்கு இரண்டு விரற்கடை மேலே,
மயிரிழை,
முக்கால் சுற்று.

"நாங்களும் இப்படித்தான், நீலம் தடவுவோம்" என்றார்.
எனக்குக் காதில் ஏறவில்லை.
அந்தக் கோடு ஒரு வெல்டின் ஓரமாகவே ஓடியது.
பழைய பெயின்டைச் சுரண்டினேன்.
மீன் செதிலாய் அடுக்கடுக்காய் ஏறி,
முடிகிற இடத்தில் இடப்பக்கம் ஒரு சின்னக் கொக்கி.
அப்படிக் கொக்கி போட்டு முடிக்கிறவன்
இந்த வட்டாரத்தில் ஒருத்தன்தான்.

ஆறு வருஷம் முன்னால்
தேவகோட்டைப் புரோக்கர் ஒருவன்
சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான், இதை மட்டும்.
வண்டியைக் கண்ணில் காட்டவில்லை.
"விக்கப் போறதுதான், ஒட்டிக் குடு போதும்."
எண்ணூறு ரூபாய்.
அன்றைக்குக் கரண்ட் பில்லுக்குக் கடைசி நாள்.
பெயின்ட் அவன் அடித்தான்.
அடிப்பான் என்று எனக்குத் தெரியும்.

வெல்டு இன்னமும் கல்லாக நிற்கிறது.
அதன் சூடு பட்ட பக்கத்து இரும்புதான்
மேட்டுக்கு மேடு
கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக்கொடுத்திருக்கிறது.

"யார் பார்த்த வேலை?"
உள்ளே இருதயராஜ் கிரைண்டர் ஓட்டிக்கொண்டிருந்தான்.
காதில் விழாத மாதிரி இருந்திருக்கலாம்.
பாவி, அந்த நேரம் பார்த்து நிறுத்தினான்.
"நான்தான்."

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு
வாய்க்குள் பார்க்கிற மாதிரி
நெடுநேரம் பார்த்தார்.
"உள்ளே செத்த பல்லுக்கு மேலே
நானும் தொப்பி போட்டிருக்கிறேன்.
புதுசு என்ன விலை?"

இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னேன்.
வலதில் கோடு இல்லைதான்;
ஆனால் அதே வயசு, அதே பள்ளத்தூர்.

கடல் தாண்டி வர நாற்பத்தோரு நாள்.
அதுவரை டவுன் பஸ்ஸில் போனார்.
வண்டிக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டு
குட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மாட்டினோம். புஷ் போல்ட்டை மட்டும் முறுக்கவில்லை.
வண்டியை இறக்கி, நாலு சக்கரமும் தரையில் உட்கார்ந்து,
பாரம் வந்த பிறகுதான் அதை முறுக்க வேண்டும்.
தொங்கும்போது முறுக்கினால்
ரப்பர் ஆயுசுக்கும் திருகிக்கொண்டே கிடக்கும்.
இருதயராஜை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து
அடியில் படுத்து முறுக்கினேன்.

பள்ளத்தூர் வரை போய் வந்தோம்.
அம்மா ஓட்டினார்.
முதல் மேடு வந்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம்.
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த மேட்டுக்கும் பேசவில்லை.

பில்லில் கூலிக்கு நேரே
எண்ணூறு கழித்து எழுதினேன்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
ஜி.எஸ்.டி. எங்கே என்று கேட்டார்.

பழையதைக் காயலான் கடைக்கு
முழுசாக அனுப்ப மனம் வரவில்லை.
ஊரில் இன்னும் சாக்கு இருக்கிறது, புரோக்கர் இருக்கிறான்.
"எங்கண்ணே அறுக்க, விரிசல்லயா?"
"வேண்டாம்டா.
வெல்டுக்கு நடுவுல."